யார் அமெரிக்கர்? ஒரு சமையல்காரரின் வழக்கும் ஒரு நாட்டின் கதையும்

1895 ஆகஸ்ட் மாதம். சீனாவிலிருந்து புறப்பட்ட நீராவிக் கப்பல் ஒன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தை வந்தடைந்தது. அதில் வோங் கிம் ஆர்க் என்ற இளைஞரும் இருந்தார். தொழில் சமையல். சீனாவில் இருந்த குடும்பத்தைப் பார்த்துவிட்டு, தாம் பிறந்த ஊருக்குத் திரும்பி வந்திருந்தார்.

துறைமுக அதிகாரிகள் அவரைக் கரையிறங்க விடவில்லை. "நீர் சீனர். சீனத் தொழிலாளர்கள் இந்நாட்டுக்குள் வரச் சட்டத்தில் இடமில்லை" என்பது அவர்களின் நிலை. "நான் பிறந்ததே இந்த ஊரில்தான்" என்பது அவருடைய பதில். முடிவு தெரியும்வரை கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களிலேயே அவர் பல மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் சொந்த ஊர். காலடி வைக்க வழியில்லை.

அமெரிக்கர் என்றால் யார்? வோங் கிம் ஆர்க் நீதிமன்றத்தின் முன் வைத்த கேள்வி இதுதான். அமெரிக்காவின் 250 ஆண்டு வரலாற்றையும், அதன் அரசாங்க அமைப்பையும், அங்குள்ள பல்லின வாழ்க்கையையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும்.

மூன்று சொற்களில் தொடங்கிய நாடு

அட்லாண்டிக் கடலோரம் இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றப் பகுதிகள் 1776 ஜூலை 4ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அது அறிவித்தது. அதன் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். இந்த முரண்பாடு அவர் ஒருவருடையது மட்டுமன்று. புதிய நாட்டின் அடித்தளத்திலேயே அது இருந்தது.

1787இல் பிலடெல்பியா நகரில் கூடிய 55 பேராளர்கள், கோடைக்காலம் முழுவதும் விவாதித்து அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்கினர். "மக்களாகிய நாங்கள்" என்ற பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களுடன் அது தொடங்குகிறது. அரசர் தந்த சட்டமன்று, மக்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட சட்டம் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த "மக்கள்" யார் என்பதில்தான் சிக்கல். மக்களவை இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகள் ஐவரை மூவராக எண்ண வேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. பெண்களுக்கு ஏறக்குறைய எங்குமே வாக்குரிமை இல்லை. 1790இல் வந்த குடியுரிமைச் சட்டமோ, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களில் "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை பெறலாம் என்றது.

அதன் பிறகு அமெரிக்க வரலாற்றின் பெரும்பகுதி, அந்த மூன்று சொற்களுக்குள் இடம் கேட்டு வெளியில் நின்றவர்கள் நடத்திய போராட்டமே.

அதிகாரம் யாரிடம்?

அந்தப் போராட்டம் எங்கே, எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அரசாங்க அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம்.

மலேசியாவில் பிரதமர் நாடாளுமன்ற உறுப்பினர். மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு இருக்கும்வரை அவர் பதவியில் நீடிக்கிறார். அமெரிக்க அதிபர் அப்படியல்லர். அவர் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருக்கவே முடியாது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ். அதைச் செயல்படுத்துவது அதிபர். சட்டத்திற்குப் பொருள் சொல்வது நீதிமன்றம். மூன்றும் தனித்தனி, ஒன்றுக்கு மற்றொன்று கடிவாளம்.

காங்கிரசில் இரண்டு சபைகள் உள்ளன. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பகிர்ந்து தரப்படுகின்றன. இதன் உறுப்பினர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். செனட் சபையிலோ ஒவ்வொரு மாநிலத்திற்கும் இருவர் என 50 மாநிலங்களுக்கு 100 பேர். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். ஏறத்தாழ 39 மில்லியன் மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இருவர்தான்; 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இருவர்தான். சிறிய மாநிலங்களைப் பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக 1787இல் செய்துகொண்ட சமரசம் இது.

காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த நிராகரிப்பையே தள்ளுபடி செய்யலாம். அதிபர் நியமிக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை செனட் ஏற்க வேண்டும். பதவியேற்ற ஒன்பது நீதிபதிகளுக்கும் ஓய்வு வயது இல்லை. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு என்பதை 1803ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நிலைநாட்டியது.

அதிபர் தேர்தலும் நேரடித் தேர்தலன்று. மாநிலங்களுக்குப் பகிர்ந்து தரப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270ஐப் பெறுபவரே வெற்றியாளர். பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பிடிப்பவருக்கே அம்மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போய்ச் சேரும். அதனால்தான் 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் 2.8 மில்லியனுக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் டோனல்ட் டிரம்ப்பிடம் தோற்றார்.

அரசியலமைப்பைத் திருத்துவது எளிதன்று. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், அதன்பின் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் தேவை. இத்தனை காலத்தில் 27 திருத்தங்களே நிறைவேறியுள்ளன. அவற்றுள் ஒன்றுதான் வோங் கிம் ஆர்க்குக்குக் கைகொடுத்தது. அது பிறந்த கதை இரத்தத்தால் எழுதப்பட்டது.

ஒரு தீர்ப்பு, ஒரு போர், மூன்று திருத்தங்கள்

ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவுக்கு 1619இலேயே கொண்டுவரப்பட்டார்கள். 1860இல் தென் மாநிலங்களின் பருத்தி, புகையிலைத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் ஏறக்குறைய 4 மில்லியன் பேர் அடிமைகளாக இருந்தனர்.

டிரெட் ஸ்காட் என்ற அடிமை, அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதிகளில் தாம் வாழ்ந்திருப்பதால் தமக்கு விடுதலை வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். 1857இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கறுப்பினத்தவர் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றவராக இருந்தாலும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதினார். அங்கேயே பிறந்து, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு அந்த நாடு சொந்தமில்லை என்றாயிற்று.

ஆபிரகாம் லிங்கன் 1860இல் அதிபர் தேர்தலில் வென்றார். அடிமைமுறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து சென்றன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 6 லட்சத்திற்கும் அதிகமானோர் மாண்டனர். போர் முடிந்ததும் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் டிரெட் ஸ்காட் தீர்ப்பைத் துடைத்தெறிந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்து, அதன் சட்ட ஆளுகைக்கு உட்பட்ட அனைவரும் அமெரிக்கக் குடிமக்களே என்றது அது. 1870இல் வந்த 15ஆவது திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது.

கப்பலில் இருந்தவரின் வெற்றி

14ஆவது திருத்தம் கறுப்பினத்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சீனத் தம்பதிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த மகனுக்கும் அது பொருந்துமா?

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலம் முதல் சீனர்கள் பசிபிக் கடலைக் கடந்து வந்துகொண்டிருந்தனர். 1869இல் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதைக்காக மலையைக் குடைந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். வேலை முடிந்தபின் அவர்கள் மீது வெறுப்பு வளர்ந்தது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர் வருகை தடுக்கப்பட்டது. குடியேறிய சீனர்கள் குடியுரிமை பெறும் வழியும் அடைக்கப்பட்டது.

பெற்றோரே குடிமக்களாக முடியாதபோது பிள்ளை எப்படிக் குடிமகன் ஆவான் என்று அரசாங்கத் தரப்பு வாதிட்டது. 1898 மார்ச் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை, படையெடுத்து வந்த எதிரியின் பிள்ளை, பூர்வகுடி இனக்குழுக்களில் பிறந்த பிள்ளை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்களே என்றது. வோங் கிம் ஆர்க் வென்றார்.

வெற்றி காகிதத்தில் இருந்தது. வாழ்க்கை பழையபடியே இருந்தது. அதற்குப் பிறகும் வெளிநாடு செல்லும் ஒவ்வொரு முறையும், தாம் அங்கே பிறந்தவர்தான் என்பதற்குச் சாட்சிகளின் கையொப்பத்துடன் அவர் பத்திரம் தயாரிக்க வேண்டியிருந்தது. அவருடைய மூத்த மகன் அமெரிக்காவுக்கு வந்தபோது, இவர் உண்மையில் அவருடைய மகன்தானா என்று ஐயுற்ற அதிகாரிகள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

விதிவிலக்குப் பட்டியலில் இருந்த பூர்வகுடி மக்களின் நிலை இன்னும் வேதனையானது. ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1830இல் வந்த சட்டம் ஒன்றின்படி அவர்களில் பல்லாயிரம் பேர் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். செரோக்கி மக்கள் நடத்திச் செல்லப்பட்ட வழி இன்றும் கண்ணீர்ப் பாதை என்றே அழைக்கப்படுகிறது. பூர்வகுடியினர் அனைவரும் குடிமக்கள் என்ற சட்டம் 1924இல்தான் வந்தது.

வெள்ளையர் என்பவர் யார்?

பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த், 1913இல் அமெரிக்கா சென்றார். முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார். பிறகு குடியுரிமை கேட்டார். அவர் அங்கே பிறந்தவரல்லர். ஆகவே, வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே திறந்திருந்த வாசல் வழியாகத்தான் அவர் நுழைய வேண்டும்.

1922 நவம்பரில் ஜப்பானியர் ஒருவரின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. வட இந்தியரைக் காக்கேசியர் என்றே அக்கால மானுடவியலாளர் பலர் வகைப்படுத்தினர். அப்படியானால் நானும் வெள்ளையர்தான் என்றார் திந்த். தாம் உயர்சாதியினர் என்பதையும் அந்த வாதத்துக்குத் துணையாகக் கொண்டார். எல்லாரும் சமம் என்று கேட்கவில்லை. என்னையும் மேலே உள்ளவர்களுடன் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். இதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் நிலையை மாற்றிக்கொண்டது. அறிவியல் என்ன சொன்னாலும், சாதாரண மனிதரின் பார்வையில் இந்தியர் வெள்ளையர் அல்லர் என்றது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலர் அதை இழந்தனர். போர்வீரர்களுக்காக வந்த தனிச்சட்டத்தின் வழி திந்த் 1936இல்தான் குடிமகனானார். மற்ற இந்தியர்களுக்கு 1946இல் வாசல் திறந்தது. அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கே. 1949இல் குடியுரிமை பெற்ற தலிப் சிங் சௌந்த், 1956இல் கலிபோர்னியாவில் போட்டியிட்டு, காங்கிரசுக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கரானார்.

பிறப்பால் குடிமக்களாக இருந்தவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1942இல் ஜப்பானுடன் போர் நடந்தபோது, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அரசாங்கம் 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிருடன் இருந்தவர்களுக்குத் தலா 20 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்கியது.

பேருந்திலிருந்து வாக்குச்சாவடிக்கு

பெண்களின் வாக்குரிமையைக் காக்கும் 19ஆவது திருத்தம் 1920இல் வந்தது. ஆனால் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவருக்கு, ஆணோ பெண்ணோ, வாக்குச்சாவடி எட்டாத இடமாகவே இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு, வாக்குவரி, அடிதடி எனப் பல தடைகள்.

1955 டிசம்பர் 1ஆம் நாள், மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்து இடம்விட மறுத்தார். அவர் கைது செய்யப்பட்டதும் நகரின் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அப்போராட்டத்தில் முன்னணிக்கு வந்தவர் மார்ட்டின் லூதர் கிங். காந்தியின் அறப்போர் வழியைப் பின்பற்றிய அவர் 1959இல் இந்தியாவுக்கும் சென்று வந்தார்.

1965 மார்ச் 7ஆம் நாள், செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்தவர்களைப் போலீசார் தடிகளால் தாக்கினர். 25 வயது ஜான் லூயிசின் மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது. தொலைக்காட்சியில் அதைக் கண்ட நாடு அதிர்ந்தது. ஐந்தே மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அன்று அடிபட்ட லூயிஸ் பின்னாளில் காங்கிரசுக்குத் தேர்வாகி, 2020இல் மறையும்வரை உறுப்பினராக இருந்தார்.

அதே 1965இல் அதிபர் லிண்டன் ஜான்சன், நாட்டுவாரியாகப் பாகுபாடு காட்டிய பழைய குடிநுழைவு முறையை அகற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆசியாவிலிருந்து மருத்துவர்களும் பொறியாளர்களும் மாணவர்களும் பெருமளவில் சென்றது அதன் பிறகுதான்.

வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்த 26ஆவது திருத்தம் 1971இல் வந்தது. வியட்நாம் போருக்கு அனுப்ப 18 வயது போதும் என்றால் வாக்களிக்க ஏன் போதாது என்ற இளையரின் கேள்விக்குக் கிடைத்த பதில் அது.

ஊர்ப் பெயர்களில் ஒளிந்திருக்கும் வரலாறு

அமெரிக்க வரைபடத்தைப் பார்த்தாலே அதன் பல்லினக் கதை தெரியும். மாசசூசெட்ஸ், ஒஹாயோ, மிசிசிப்பி ஆகியவை பூர்வகுடி மொழிப் பெயர்கள். நியூயார்க், நியூ ஹேம்ப்ஷியர் ஆங்கிலேயர் வைத்தவை. லூசியானா என்பது பிரெஞ்சு மன்னர் ஒருவரின் நினைவாக வந்தது. 1803இல் பிரான்சிடமிருந்து 15 மில்லியன் டாலருக்கு வாங்கிய பரந்த நிலத்தின் பெயர் அது. புளோரிடா, நெவாடா, கொலராடோ ஸ்பானியச் சொற்கள். மெக்சிகோவுடன் நடந்த போருக்குப் பின் 1848இல் தென்மேற்கு நிலப்பகுதி அமெரிக்கா வசமானது. அங்கிருந்த ஸ்பானிய மொழியினர் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்தது.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவு வழியாக 1892 முதல் 1954 வரை ஏறக்குறைய 12 மில்லியன் பேர் குடியேறினர். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் எனப் பலர். இன்று நாட்டின் மக்கள்தொகை 33 கோடிக்கும் மேல். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் இலத்தீன் அமெரிக்க அல்லது ஸ்பானிய வம்சாவளியினர். அரசாங்கம் அங்கீகரித்த பூர்வகுடி இனக்குழுக்கள் மட்டும் 570க்கும் அதிகம்.

இத்தனை மக்களும் உருகி ஒன்றாகும் கலம் என்று அமெரிக்காவை முன்பு வருணித்தார்கள். இன்று பலர் அதை ஏற்பதில்லை. நம் ஊர் ரோஜாக்கைப் போல, வெள்ளரி வெள்ளரியாகவும் மாங்காய் மாங்காயாகவும் இருந்துகொண்டே ஒரே தட்டில் சேர்வதுதான் அங்கும் நடக்கிறது. கறுப்பின மக்களின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த ஜாஸ் இசை இன்று எல்லா அமெரிக்கருக்கும் சொந்தம்.

இதில் தமிழர் தடமும் உண்டு. 1958இல், 19 வயதில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காகச் சென்றவர் தமிழகத்தைச் சேர்ந்த சியாமளா கோபாலன். அவருக்கும் ஜமைக்காவிலிருந்து படிக்க வந்த டோனல்ட் ஹாரிசுக்கும் 1964இல் ஓக்லண்டில் பிறந்த மகள் கமலா, 2021இல் துணை அதிபரானார். பிறப்பால் குடிமக்களாக இருப்பவர்கள் மட்டுமே வகிக்கக்கூடிய பதவி அது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் காங்கிரஸ் உறுப்பினராக முடிந்தது, அதிபராக முடியாது. பிறந்த இடம் அங்கே அவ்வளவு முக்கியம்.

மீண்டும் அதே கேள்வி

127 ஆண்டுகளுக்கு முன் முடிந்துவிட்டதாக எண்ணப்பட்ட வழக்கு 2025இல் மீண்டும் உயிர்பெற்றது. பதவியேற்ற நாளான ஜனவரி 20ஆம் தேதியே அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் சட்டவிரோதமாகவோ மாணவர் விசா போன்ற தற்காலிக அனுமதியிலோ தங்கியிருந்து, தந்தை குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்பது அதன் சாரம்.

மேலே படித்த மூன்று அதிகாரப் பிரிவுகளும் எப்படி ஒன்றையொன்று தடுக்கின்றன என்பதை இங்கே கண்கூடாகக் காணலாம். அதிபர் ஆணையிட்டார். மாநிலங்களும் பெற்றோர்களும் நீதிமன்றம் சென்றனர். நீதிபதிகள் ஆணைக்குத் தடை விதித்தனர். விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. "சட்ட ஆளுகைக்கு உட்பட்ட" என்ற அதே சொற்களுக்கு என்ன பொருள் என்பதே மையக் கேள்வி. இரு தரப்பு வாதங்களிலும் அடிபட்ட பெயர், வோங் கிம் ஆர்க்.

இது நமக்கு அந்நியமான கேள்வியன்று. மலேசியாவில் மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர்வரை மலாயா மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பிறகு, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, கையில் சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமையடைந்த தாத்தா பாட்டிகளை நம் குடும்பங்களிலேயே பார்த்திருப்போம். "நான் இந்த ஊரில்தான் பிறந்தேன்" என்று சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கத் தாள் தேடுவது எப்படிப்பட்டது என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும்.

மாணவர்களே, அமெரிக்க வரலாற்றை அதிபர்களின் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம். டிரெட் ஸ்காட் தோற்றார். வோங் கிம் ஆர்க் வென்றார். திந்த் தோற்றபின் வென்றார். இவர்களில் எவரும் ஆட்சியில் இருந்தவர் அல்லர். ஓர் அடிமை, ஒரு சமையல்காரர், ஒரு படைவீரர். "மக்களாகிய நாங்கள்" என்ற சொற்களை எழுதியவர்கள் 1787இலேயே எழுதி முடித்துவிட்டார்கள். அந்த "நாங்கள்" யார் என்பதை இப்படிப்பட்டவர்கள்தாம் ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டுக் கேட்டு விரிவாக்கியிருக்கிறார்கள்.